கரி தின்ற பஸ்!

பஸ் ஓட என்ன வேண்டும் என்று கேட்டால், டீசல் என்று பட்டென்று சொல்லிவிடுவீர்கள். ஒரு காலத்தில் மதுரையில் பஸ்சுக்குக் கரி போட்டார்கள் என்றால் நம்புவீர்களா? ஆமாம், இஸ்திரிப் பெட்டிக்குப் போடுகிறார்களே, அதே கரிதான்!

அப்படி பஸ் ஓட்டிக் காட்டியவர் டி.வி.சுந்தரம் அய்யங்கார். மொபெட்டிலும் மோட்டார் சைக்கிளிலும் டி.வி.எஸ். என்ற மூன்று எழுத்துக்களைப் பார்த்திருப்பீர்களே, அது இவர் பெயரிலிருந்து வந்ததுதான். முதல் எழுத்தான 'டி', அவருடைய ஊரைக் குறிக்கிறது. திருநெல்வேலி மாவட்டத்தில், மலையடிவாரத்தில் இருக்கும் திருக்குறுங்குடிதான் அந்த ஊர். 1877ம் ஆண்டு மார்ச் 22ல் அங்கே பிறந்தார்.

மகன் வக்கீலாக வேண்டும் என்று தந்தை ஆசைப்பட்டார். அதன்படியே சட்டம் படித்தார். ஆனால், மனம் அதில் ஒட்டவில்லை. ரயில்வேயில் வேலை பார்த்தார். பிறகு வங்கியில் வேலை பார்த்தார். மாதம் பிறந்தால் சம்பளம் வரும் வேலைகள். அவற்றை விட்டுவிட்டு, 1912ல் மதுரையில் பஸ் ஓட்டத் தொடங்கினார். அப்போது வயது 35. குடும்பம் பெரியது. மோட்டார் வண்டியைக் கண்டால் ஜனங்கள் வேடிக்கை பார்க்க ஓடி வந்த காலம் அது. காசு கொடுத்து ஏறுவார்களா என்பது யாருக்குத் தெரியும்?

ஏறினார்கள். ஆனால், ஒரு பெரிய தொல்லை வந்தது. சாலை முழுக்க மாட்டு வண்டிகளும் குதிரை வண்டிகளும்தான். மாட்டுக் குளம்பில் அடித்த லாடத்தின் ஆணி கழன்று மண்ணில் விழுந்து கிடக்கும். அதன் மேல் பஸ் ஏறினால் டயர் பஞ்சர்! அன்று டயர் எல்லாம் கப்பலில் வர வேண்டிய பொருள். பஞ்சர் ஒட்டி முடிக்கும் வரை பயணிகள் வெயிலில் காத்துக் கிடக்க வேண்டும். சுந்தரம் அய்யங்கார் என்ன செய்தார் தெரியுமா? காந்தம் பொருத்திய உருளையை சாலையில் இழுத்துக்கொண்டு போகச் செய்தார். ஆணிகள் எல்லாம் காந்தத்தில் வந்து ஒட்டிக்கொண்டன. பின்னால் பஸ் நிம்மதியாக வந்தது.

நேரம் தவறக் கூடாது என்பதில் அவர் கண்டிப்பானவர். டி.வி.எஸ். பஸ் கடந்து போவதைப் பார்த்து, வீட்டுக் கடிகாரத்தைச் சரி செய்வார்கள் என்று மதுரைப் பக்கத்துப் பெரியவர்கள் இன்றும் சொல்வார்கள்.

இனி கரிக் கதைக்கு வருவோம்.

இரண்டாம் உலகப் போர் நடந்தது. இந்தியாவுக்கு பர்மாவிலிருந்து எண்ணெய் வந்துகொண்டிருந்தது. 1942 மார்ச் மாதம் ரங்கூன் நகரம் ஜப்பானியர் கையில் விழுந்தது. பர்மாவில் பிழைக்கப் போயிருந்த ஏராளமான தமிழர்கள் காட்டு வழியே நடந்து ஊர் திரும்பினார்களே, அதே நேரம்தான். எதிரிக்குக் கிடைக்கக் கூடாது என்று, அங்கிருந்த எண்ணெய்க் கிணறுகளை ஆங்கிலேயர்களே ஏப்ரலில் நாசம் செய்தார்கள். இங்கே பெட்ரோலுக்குப் பெரும் தட்டுப்பாடு. போருக்குப் போக மீதிதான் மற்றவர்களுக்கு, அதுவும் அளந்துதான்.

பெட்ரோல் இல்லை என்றால் பஸ் இல்லை. டிரைவர், கண்டக்டர், பட்டறைத் தொழிலாளி எல்லோர் வீட்டு அடுப்பும் அந்த பஸ்சை நம்பித்தான் எரிந்தது. மதுரை ஆஸ்பத்திரிக்கு நோயாளியைக் கூட்டி வர வேண்டியவர்கள், சந்தைக்குக் காய்கறி கொண்டு வர வேண்டியவர்கள் என்ன செய்வார்கள்? சுந்தரம் அய்யங்காருக்கு அப்போது 65 வயது. போர் முடியட்டும் என்று அவர் வீட்டில் உட்கார்ந்திருக்கலாம். உட்காரவில்லை. பெட்ரோலுக்குப் பதில் கரியில் ஓடும்படி பஸ்களை மாற்றும் கருவியை, தம் நிறுவனத்திலேயே தயாரிக்க வைத்தார். அதற்குப் பெயர் டி.வி.எஸ். கேஸ் பிளான்ட்.

அது எப்படி வேலை செய்தது? கரி அடுப்பை உற்றுப் பார்த்திருக்கிறீர்களா? சிவந்த கரியின் மேலே சில சமயம் நீல நிறத்தில் சின்னச் சுடர் ஆடும். கரி எரியும்போது காற்று போதாவிட்டால், கார்பன் மோனாக்சைடு என்ற வாயு உண்டாகும். அந்த வாயு எரிவதுதான் அந்த நீலச் சுடர். அடுப்பில் வீணாக எரியும் அதே வாயுவை எஞ்சினுக்குள் கொண்டுபோய் எரித்தால் வண்டி ஓடும் அல்லவா?

பஸ்சில் உயரமான ஓர் இரும்பு உருளையைப் பொருத்துவார்கள். அதில் கரியை நிரப்பி, அடியில் தீ மூட்டி, காற்றைக் குறைவாக விடுவார்கள். வெளிவரும் வாயு கொதிக்கும். சாம்பல் தூசியும் கலந்திருக்கும். அப்படியே விட்டால் எஞ்சின் கெட்டுவிடும். அதனால் நீளமான குழாய்களில் ஓட விட்டு ஆற வைத்து, வடிகட்டியில் தூசியை நீக்கி, காற்றோடு கலந்து எஞ்சினுக்கு அனுப்புவார்கள். பெட்ரோல் எஞ்சினில் தீப்பொறி போடும் பிளக் இருக்கிறது. அதனால் இந்த வாயு உள்ளே பற்றிக்கொள்ளும். டீசல் எஞ்சினில் அந்தப் பிளக் கிடையாது. இன்றைய டீசல் பஸ்சை இந்த வாயுவை மட்டும் வைத்து ஓட்ட முடியாது.

சொல்வதற்கு எளிது, அன்றாடம் செய்வது பெரும் பாடு! காலையில் சாம்பலை வாரிக் கொட்டி, தீ மூட்டி, கையால் சுற்றும் விசிறியைச் சுற்றி, நல்ல வாயு வரும் வரை காத்திருக்க வேண்டும். பெட்ரோலில் கிடைக்கும் வலுவில் மூன்றில் ஒரு பங்கோ, அதற்கு மேலோ குறைந்துவிடும். ஏற்றம் வந்தால் பஸ் முக்கி முனகும். ஆண்கள் இறங்கி நடந்து, மேலே போய் மறுபடி ஏறிக்கொள்வார்களாம். ஆபத்தும் இருந்தது. கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. ஆளைக் கொல்லும் விஷவாயு அது. மூடிய கொட்டகைக்குள் தீ மூட்டவே கூடாது. பூட்டிய அறைக்குள் கரி அடுப்பை வைத்துக்கொண்டு தூங்கக் கூடாது என்பது இதனால்தான்.

கரி வாயுவை அவர் புதிதாகக் கண்டுபிடித்தார் என்று எண்ணிவிடாதீர்கள். ஜெர்மனி, சுவீடன், பிரான்ஸ் நாடுகளிலும் அந்தப் போர்க்காலத்தில் கரியாலும் விறகாலும் லட்சக்கணக்கான வண்டிகள் ஓடின. நம் ஊர்ப் பட்டறையில், நம் ஊர்த் தொழிலாளிகளைக் கொண்டே செய்து, பஸ்களை நிற்காமல் ஓட வைத்ததுதான் அவருடைய சாமர்த்தியம்.

அவருடைய மகள் சவுந்தரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். சிறு வயதில் மணமாகி, கணவரை இழந்தவர் அவர். அக்காலத்தில் அப்படிப்பட்ட பெண்கள் வீட்டு மூலையில்தான் உட்கார வேண்டும். சவுந்தரமோ டில்லி சென்று படித்து, 1936ல் டாக்டரானார். 1940ல் அவர் ஜி.ராமச்சந்திரனை மறுமணம் செய்தபோது பெற்றோருக்கு விருப்பமில்லை. காந்திஜி முன்னிலையில்தான் திருமணம் நடந்தது. பஸ் விஷயத்தில் ஊருக்கே முன்னால் ஓடியவர், இந்த விஷயத்தில் கொஞ்சம் பின்தங்கிவிட்டார் என்றே எனக்குத் தோன்றுகிறது. அந்தத் தம்பதிதான் பின்னர் 1947ல், திண்டுக்கல் அருகே காந்திகிராமத்தை உருவாக்கினார்கள்.

போர் முடிந்தது. பெட்ரோல் திரும்ப வந்தது. கரி உருளைகள் கழற்றப்பட்டன. 1955 ஏப்ரல் 28ல், கொடைக்கானலில் சுந்தரம் அய்யங்கார் காலமானார்.

கொடைக்கானல் மலைப்பாதையில் இறங்கும் வண்டிகளுக்கு ஓடுவதை விட நிற்பதுதான் பெரிய வேலை. அவர் மறைந்த பிறகு, 1962ல் சென்னைப் பாடியில் அவருடைய குடும்பத்தார் தொடங்கிய சுந்தரம் கிளேட்டன் நிறுவனம், லாரி பஸ்களுக்கான காற்று பிரேக்கைச் செய்தது. இன்று பல டீசல் வண்டிகளில் எக்ஸாஸ்ட் பிரேக் என்றும் ஒன்று உண்டு. மலை இறங்கும்போது புகைக்குழாயை ஒரு தகடு அடைக்கும்; வெளியேற முடியாத வாயு எஞ்சினையே எதிர்த்து அழுத்தும்; வேகம் குறையும். சக்கரத்து பிரேக் சூடேறிக் கெடாமல் இருக்கும். கரி பிளான்ட், எஞ்சினுக்குள் வாயு நுழையும் பக்கம் செய்த வேலை. இது வெளியேறும் பக்கம் செய்கிற வேலை!

1972ல் மதுரையில் அரசின் பாண்டியன் போக்குவரத்துக் கழகம் உருவானது. டி.வி.எஸ். பஸ்கள் சாலையிலிருந்து மறைந்தன. மதுரையில் டி.வி.எஸ். நகர் என்று ஒரு பகுதி இருக்கிறது. அந்தப் பக்கம் போகும்போது, வண்டியை நிறுத்தி அந்தப் பெயர்ப் பலகையை ஒருமுறை படித்துப் பாருங்கள்.