வெள்ளத்திற்கு இடம் வகுத்தவர்

ஆண்டுதோறும் செப்டம்பர் 15-ஆம் நாள் நம் நாட்டுப் பொறியியல் கல்லூரிகளில் ஒரு பெரியவரின் படத்திற்கு மாலை சூட்டுகிறார்கள். மைசூர்த் தலைப்பாகையும் மெலிந்த முகமும் கொண்ட அப்பெரியவர் மோட்சகுண்டம் விசுவேசுவரய்யா. அவர் பிறந்த நாளையே பொறியாளர் நாளாகக் கொண்டாடுகிறோம். காவிரியில் கிருஷ்ணராஜ சாகர் அணை எழுவதற்குக் காரணமானவர் என்ற அளவில் தமிழராகிய நாமும் அவரை அறிவோம். ஆனால் காவிரிக்குச் செல்லுமுன் அவர் ஒரு சிற்றாற்றின் சீற்றத்தை ஆராய்ந்தார். அந்த ஆறு மூசி. அது ஐதராபாத்து நகரின் நடுவே ஓடுகிறது.

விசுவேசுவரய்யா இன்றைய கருநாடகத்தில் உள்ள முத்தேனஹள்ளி என்னும் சிற்றூரில் பிறந்தவர். இளமையிலேயே தந்தையை இழந்தார். வறுமையோடு போராடிப் பெங்களூரில் படித்து 1881-இல் பி.ஏ. பட்டம் பெற்றார். பின்பு மைசூர் அரசின் உதவித்தொகையோடு புனா சென்று பொறியியல் பயின்றார். 1884-இல் பம்பாய் மாகாணப் பொதுப்பணித் துறையில் உதவிப் பொறியாளராக அமர்ந்தார்.

அங்கே அவர் செய்தவற்றுள் ஒன்று நம் கருத்திற்கு உரியது. புனாவிற்கு நீர் வழங்கிய கடக்வாசலா ஏரியில் 1903-இல் தாமே இயங்கும் மதகுகளை அமைத்தார். நீர் குறித்த மட்டத்திற்கு மேல் ஏறினால் மதகு தானே திறக்கும். நீர் இறங்கினால் தானே மூடிக்கொள்ளும். அணையை உயர்த்தாமலே மிகுதியான நீரைத் தேக்க இதனால் இயன்றது. தேக்குவதும் விடுவதும் ஒரே கலையின் இரு பக்கங்கள் என்பதை அவர் அன்றே உணர்ந்திருந்தார் எனலாம்.

1908-இல் அவர் பம்பாய்ப் பணியிலிருந்து விலகி அயல்நாடுகளில் பயணம் செய்துகொண்டிருந்தார். அவ்வாண்டு செப்டம்பர் 28-ஆம் நாள் மூசியாறு ஐதராபாத்தை விழுங்கியது. நகரை அடுத்த சம்சாபாத்தில் ஒரே நாளில் 12.8 அங்குல மழை கொட்டியிருந்தது. பாலங்கள் சிதைந்தன. ஆயிரக்கணக்கான வீடுகள் மண்ணோடு மண்ணாயின. மாண்டவர் ஏறத்தாழ 15,000 பேர் என்பர். அப்சல்கஞ்சில் ஒரு புளியமரத்தின் கிளைகளைப் பற்றிக்கொண்டு சுமார் 150 பேர் உயிர் பிழைத்தனர். அந்த மரம் உஸ்மானியா மருத்துவமனை வளாகத்தில் உயிர்ப் பிழைப்பின் சின்னமாகப் போற்றப்படுகிறது.

நிஜாம் அரசின் அழைப்பை ஏற்று விசுவேசுவரய்யா 1909-இல் ஐதராபாத்து வந்தார். வந்தவர் உடனே கரையை உயர்த்தச் சொல்லவில்லை. சுவர் எழுப்பவும் சொல்லவில்லை. நீர் எங்கிருந்து வந்தது என்று தேடத் தொடங்கினார். மழை அளவுகளைத் திரட்டினார். வெள்ளம் உயர்ந்த மட்டங்களைக் கணித்தார். நகருக்கு மேலே ஏறத்தாழ 860 சதுர மைல் பரப்பில் பெய்யும் மழை மூசியில் சேர்கிறது என்பதும், அப்பரப்பில் 788 ஏரிகள் இருந்தன என்பதும் அவர் ஆய்வில் தெளிந்தன. அவற்றுள் 221 ஏரிகள் உடைந்திருந்தன. மேலேரி உடைந்து கீழேரியைத் தகர்க்க, அது அடுத்ததைத் தகர்க்க, வெள்ளத்தோடு வெள்ளம் சேர்ந்தது. உச்ச வேளையில் விநாடிக்கு 4,25,000 கன அடி நீர் பாய்ந்ததென்று கணக்கிடப்பட்டது. வானம் பெய்தது உண்மையே. ஆனால் ஊரை அழித்ததில் பேணாத ஏரிகளுக்கும் பங்கு உண்டு.

நோய் நகருக்கு வெளியே பிறந்ததால் மருந்தையும் அவர் வெளியேதான் வைத்தார். நகருக்கு மேலே மூசியில் ஒன்றும் அதன் துணையாறாகிய ஈசியில் ஒன்றுமாக இரு பெரும் நீர்த்தேக்கங்கள் கட்ட வேண்டும் என்பது அவர் திட்டம். நீர்த்தேக்கம் வெள்ளத்தை மறையச் செய்வதில்லை. சில மணி நேரத்தில் பாய்ந்து வரும் நீரை வாங்கி வைத்துப் பல மணி நேரத்தில் சிறுகச் சிறுக விடுகிறது. நீரின் அளவு குறையாவிடினும் உச்சம் தணிகிறது; ஊர் பிழைக்கிறது. அவர் திட்டத்தின் வழியே எழுந்த உஸ்மான் சாகர் 1920-இலும், இமாயத் சாகர் 1927-இலும் நிறைவெய்தின. இரண்டும் நகருக்குக் குடிநீரும் தந்தன.

ஆற்றை அடக்கினால் மட்டும் போதுமா? நகருக்குள் கழிவுநீர் திறந்த சாக்கடைகளில் ஓடி மூசியில் கலந்துகொண்டிருந்தது. ஆகவே வடிகால் அமைப்பிற்கும் அவர் திட்டம் தீட்டினார். இடையில் மைசூரின் தலைமைப் பொறியாளராகி, 1912 முதல் 1918 வரை திவானாகவும் விளங்கியவர், 1922-இல் அந்த வடிகால் பணிக்காக மீண்டும் ஐதராபாத்து வந்தார். திவானாக இருந்தவர் சாக்கடைக் கணக்குப் பார்ப்பதா என்று அவர் எண்ணவில்லை. 1955-இல் பாரத ரத்னா விருது பெற்ற அவர், நூறாண்டு நிறைந்த முதுமையில் 1962-இல் மறைந்தார்.

அவர் விட்டுச்சென்ற வேலையில் ஒரு சிக்கல் உண்டு. குடிநீருக்கு ஏரி நிறைந்திருக்க வேண்டும். வெள்ளத்தைத் தாங்க ஏரியில் இடம் காலியாக இருக்க வேண்டும். கோடையைக் கண்டு அஞ்சுபவன் நிரப்பச் சொல்வான்; மழையைக் கண்டு அஞ்சுபவன் திறக்கச் சொல்வான். இரண்டு அச்சத்தையும் ஒருங்கே நினைவில் வைத்திருப்பதே நல்ல நிருவாகம். வெற்றிடமும் ஒரு செல்வமே. ஆனால் வெற்றிடத்தைக் கண்டால் மனிதன் கை சும்மா இருப்பதில்லை. இரு நீர்த்தேக்கங்களின் நீர்வரத்துப் பரப்பைக் காக்க 1996-இல் பிறந்த அரசாணை 111-இன் கட்டுப்பாடுகளை 2022-இல் மற்றோர் அரசாணை தளர்த்தியது.

2020 அக்டோபரில் ஐதராபாத்தில் மீண்டும் பெருமழை பெய்தது. பல்லெ செருவு, குர்ரம் செருவு என்னும் ஏரிகள் உடைந்து குடியிருப்புகளில் புகுந்தன. பலர் மாண்டனர். அணைகள் நகருக்கு மேலே பெய்யும் மழையைத் தாங்கலாம். நகருக்குள்ளேயே பெய்யும் மழைக்கு ஏரியும் ஓடையும் வடிகாலுமே துணை. அவற்றைத் தூர்த்து வீடு கட்டிவிட்டால் எந்தப் பொறியாளரால்தான் என்ன செய்ய இயலும்? 2015-இல் சென்னை பட்டபாட்டை அறிந்த நமக்கு இதை விரித்துச் சொல்ல வேண்டுவதில்லை.

நண்பர்களே, அடுத்த செப்டம்பர் 15-இல் அப்பெரியவரின் படத்திற்கு மாலை சூட்டுவோம். அதோடு நிற்க வேண்டாம். நாம் வாழும் ஊரின் மழைநீர் எவ்வழியே போகிறது, எந்த ஏரியில் சேர்கிறது, அந்த ஏரி இன்னும் இருக்கிறதா என்று ஒரு நாள் நடந்துசென்று பார்ப்போம். 788 ஏரிகளைக் கணக்கில் கொண்டவருக்கு நாம் செய்யத்தக்க மரியாதை, நம் ஊர் ஏரி ஒன்றையேனும் அறிந்து வைத்திருப்பதே.