மண்ணுக்கும் கணக்கு எழுதியவர்

விருதுநகரிலிருந்து டி.கல்லுப்பட்டிக்கு ஒரு மணி நேரத்துக்கும் குறைவான பேருந்துப் பயணம்தான். முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகக் கல்லூரியில் பொருளியல் கற்பித்த நான், அங்குள்ள காந்தி நிகேதன் ஆசிரமத்தில் கால் வைத்தது பணி ஓய்வுக்குப் பிறகே. ஜே.சி. குமரப்பா தம் இறுதி ஆண்டுகளைக் கழித்த இடம் அது. எங்கள் பாடத்திட்டத்தில் அவருக்கு ஒரு பத்திதான். அதையும் ஐந்து நிமிடத்தில் முடித்து விடுவேன்.

1892-இல் தஞ்சாவூரில் ஒரு கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தவர் குமரப்பா. லண்டனில் கணக்குத் தணிக்கை பயின்று, பம்பாயில் அத்தொழிலையே நடத்தினார். பின்னர் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பொதுநிதியியல் படித்தபோது, இந்தியாவின் வறுமைக்கும் ஆங்கிலேய அரசின் நிதிக் கொள்கைக்கும் உள்ள தொடர்பை ஆராய்ந்தார். அந்த ஆய்வுதான் 1929-இல் அவரை சபர்மதிக்கு, காந்தியடிகளிடம் கொண்டு சேர்த்தது. மேனாட்டு உடை போய் கதர் வந்தது. 1934-இல் அகில இந்திய கிராமக் கைத்தொழில் சங்கம் தொடங்கப்பட்டபோது அதன் செயலாளரானார்.

சங்கத்தின் தலைமையிடமான வார்தா மகன்வாடியில், செக்கு, கைக்குத்தல் அரிசி, தேனீ வளர்ப்பு ஆகியவற்றோடு மக்கு உரத்துக்கும் இடமிருந்தது. மனிதக் கழிவும் அங்கே முறையாக மக்கவைக்கப்பட்டு நிலத்துக்குத் திரும்பியது. தணிக்கையாளரான அவருக்கு இது வெறும் துப்புரவுப் பணியல்ல, வரவு செலவுக் கணக்கு. எண்ணெய் வித்துகள் ஊரைவிட்டு மொத்தமாக வெளியேறினால் பிண்ணாக்கும் போய்விடும். மாட்டுக்குத் தீனி இல்லை, மண்ணுக்கு எரு இல்லை என்று அவர் வாதிட்டார். எண்ணெய் வணிகத்தால் பெயர்பெற்ற எங்கள் ஊரில் இதை எத்தனை பேர் எண்ணிப் பார்த்திருப்போம்? டிராக்டரை அவர் எதிர்த்ததற்கும் அது சாணம் தராது என்பது ஒரு காரணம். நிலைத்த பொருளாதாரம் பற்றிய தமது நூலை 1940-களில் சிறையில் இருந்தபோது எழுதினார்.

டிராக்டர் விஷயத்தில் எனக்கு அவரோடு முழு உடன்பாடில்லை. இங்கு வேலைக்கு ஆள் கிடைப்பதே அரிது. ஆனால் எருவைப் பற்றிய அவர் கணக்கில் பிழை காண முடியவில்லை. கரிசல் காட்டில் ஆட்டுக் கிடை போடுவதும் கண்மாயின் கரம்பை மண்ணை அடிப்பதும் நான் சிறுவனாக இருந்தபோது வழக்கமாக நடந்தவை. மழை பொய்க்கும் பூமியில் பட்டாசும் தீப்பெட்டியும் சோறு போட்டன; அதைக் குறை சொல்ல மாட்டேன். மாடுகள் குறைந்தன, எருக்குழிகள் தூர்ந்தன. பட்டாசு ஆலைக்கு மூட்டை மூட்டையாக வரும் வெடியுப்பிலும் இருப்பது பயிருக்கு வேண்டிய தழைச்சத்துதான். அதே சத்துள்ள வேப்பிலைச் சருகை எங்கள் தெருவில் வாரந்தோறும் குவித்துக் கொளுத்துகிறார்கள்.

டி.கல்லுப்பட்டியிலிருந்து திரும்பிய வாரமே கொல்லையில் மூன்றடி ஆழத்தில் ஒரு குழி வெட்டினேன். சருகு ஓர் அடுக்கு, காய்கறிக் கழிவு ஓர் அடுக்கு, இடையே சாணக் கரைசல். பிழிந்த துணி அளவுக்கு ஈரம் போதும். முதல் முறை நீர் அதிகமாகி நாற்றமெடுத்தது. பக்கத்து வீட்டார் மதில் மேல் எட்டிப் பார்த்தனர். சருகைக் கூட்டி, பதினைந்து நாளுக்கு ஒருமுறை கிளறிவிட்ட பிறகு உள்ளே கை வைக்க முடியாத சூடு கண்டது. நான்காம் மாதம் மண் வாசனையோடு கருப்பாகப் பொலபொலவென்று உதிர்ந்தது. எங்கள் பகுதியில் கூடுதலாக ஓர் எச்சரிக்கை தேவை: தீபாவளிக்கு மறுநாள் வாசலில் கிடக்கும் பட்டாசுக் காகிதம் குழிக்குள் போகக்கூடாது. அதில் பேரியம், அலுமினியம் போன்றவற்றின் எச்சம் இருக்கும்.

குமரப்பா 1960 ஜனவரி 30 அன்று, காந்தியடிகளின் நினைவு நாளில், மதுரையில் காலமானார். இரண்டாவது குழியை இந்த மாதம் மூடியிருக்கிறேன். பக்கத்து வீட்டார் தம் வீட்டு வாழை மட்டைகளை இப்போது மதில் வழியாகவே தந்துவிடுகிறார்.