சதுரங்க வேந்தர் காபபிளாங்கா

அறுபத்து நான்கு கட்டங்களுக்குள் அரசோச்சிய மேதைகளுள் என் மனத்தை மிகவும் கவர்ந்தவர் ஹோசே ரவுல் காபபிளாங்கா. கியூபா நாட்டின் ஹவானா நகரில் 1888ஆம் ஆண்டு நவம்பர் 19ஆம் நாள் பிறந்த அவர், தந்தையார் ஆடுவதைப் பார்த்தே நான்கு வயதில் சதுரங்கம் கற்றார். 1909இல் புகழ்பெற்ற அமெரிக்க வீரர் பிராங்க் மார்ஷலை 8 வெற்றி, 1 தோல்வி, 14 சமநிலை என்ற கணக்கில் வென்றார். அப்போது அவருக்கு வயது இருபதுதான்!

இருவரும் 1918ஆம் ஆண்டு அக்டோபர் 23ஆம் நாள் நியூயார்க்கில் மீண்டும் மோதினர். வெள்ளைக் காய்களுடன் ஆடிய காபபிளாங்கா, ஸ்பானியப் பாதிரியார் ரூய் லோபஸ் பெயரால் வழங்கும் தொடக்கத்தைக் கையாண்டார். எட்டாம் நகர்வில் மார்ஷல், ராணியின் முன்னிருந்த சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளினார். ஒரு சிப்பாயைப் பலிகொடுத்து, எதிரியின் ராஜாவைத் தாக்கும் புதுத் திட்டம் அது! இதை மார்ஷல் பல்லாண்டுகள் மறைத்து வைத்திருந்தார் என்றொரு கதை உண்டு. அதற்கு உறுதியான சான்றில்லை.

பெருந்தாக்குதல் வரும் என்று தெரிந்தே காபபிளாங்கா அந்தச் சிப்பாயை வெட்டினார். தம் திறமைக்கு விடப்பட்ட அறைகூவலாகவே அதைக் கருதியதாகப் பின்னர் தம் நூலில் எழுதினார். நான் அவ்வாட்டத்தைப் பலகையில் ஆடிப் பார்த்தேன். பதினான்காம் நகர்வில் கறுப்பு ராணியும் குதிரையும் பிஷப்பும் வெள்ளை ராஜாவை நோக்கி நிற்கும் நிலை கண்டு, காயைத் தொடவே என் கை தயங்கியது. அவரோ கலங்காமல் ஒவ்வோர் அடியையும் தடுத்து, 36ஆம் நகர்வில் வென்றார்.

1921இல் லாஸ்கரை வென்று உலக வாகையர் ஆனார். 1916 முதல் 1924 வரை போட்டிகளில் ஓர் ஆட்டமும் தோற்றாரில்லை! 1927இல் அலெகைனிடம் பட்டத்தை இழந்தார். மறுபோட்டிக்கு வாய்ப்பே கிட்டவில்லை. 1942 மார்ச் 8ஆம் நாள் நியூயார்க்கில் மறைந்தார்.

என்னைச் சிந்திக்க வைப்பது ஒன்றுண்டு. அன்று தோற்றவரின் திட்டம் அழியவில்லை. மார்ஷல் தாக்குதல் என்ற பெயரில் இன்றும் பெரும் போட்டிகளில் ஆடப்படுகிறது. மாணவ நண்பர்களே! மார்ஷலைப் போல் முன்கூட்டியே உழைப்போம். படித்திராத வினா வந்தாலோ, காபபிளாங்காவைப் போல் அஞ்சாது சிந்திப்போம்!