சிந்தனைச் சிற்பி சிங்காரவேலர்

பழவேற்காட்டு ஏரிக் குப்பங்களில், எவர் எங்கு வலை விரிப்பது என்பதைப் பாடு முறையே தீர்மானிக்கிறது. அத்தகைய மீனவ மரபில், சென்னையில் 18-2-1860-இல் தோன்றியவர் ம. சிங்காரவேலர்.

வழக்கறிஞராகிப் பொருளும் புகழும் ஈட்டினார். உள்ளத்தின் ஆழத்தில் கிடக்கும் ஆசைக்கும் அச்சத்திற்கும் மானம், மரியாதை எனப் பெயர் சூட்டி, அவற்றின்படியே முடிவெடுப்பது உலகியல்பு. அவரோ 1921-இல், ஒத்துழையாமை இயக்கத்தின்போது, தம் வழக்கறிஞர் அங்கியைத் தீக்கிரையாக்கினார், வருவாயையும் உதறினார்.

1923-இல் சென்னைக் கடற்கரையில் மே தினம் கொண்டாடினார். 1925-இல் கான்பூர் பொதுவுடைமை மாநாட்டுக்குத் தலைமை வகித்தார். 'குடி அரசு' இதழில் அறிவியல் கட்டுரைகள் தீட்டி, அச்சம் ஈன்ற மூடநம்பிக்கைகளைச் சாடினார். 11-2-1946-இல் மறைந்தார்.

மாணவ நண்பர்களே! நம் முடிவுகளுள் அறிவு எடுத்தவை எத்தனை? ஊருக்கு அஞ்சி எடுத்தவை எத்தனை? அன்னார் வாழ்வு நம்மைக் கேட்கும் கேள்வி இதுவே.