ரஃபியுதீன் அகமது

மருத்துவர் ரஃபியுதீன் அகமது (டிசம்பர் 24, 1890 - 1965) இந்தியாவின் முதல் பல் மருத்துவக் கல்லூரியைக் கொல்கத்தாவில் நிறுவியவர். ஆர். அகமது எனச் சுருக்கமாக அறியப்படும் இவர், இந்தியப் பல் மருத்துவத்தின் தந்தை எனப் போற்றப்படுகிறார். பிற்காலத்தில் மேற்கு வங்க அமைச்சராகவும் பணியாற்றினார்.

பிறப்பும் கல்வியும்

இவர் இன்றைய வங்காளதேசத்தில் அடங்கிய கிழக்கு வங்கத்தில் பிறந்தார். 1908-ல் அலிகார் கல்லூரியில் படிப்பை முடித்து, அடுத்த ஆண்டே அமெரிக்கா சென்றார். அயோவா பல்கலைக்கழகத்தில் 1915-ல் பல் மருத்துவப் பட்டம் பெற்றார். பின்னர் 1918 வரை பாஸ்டன் நகரின் ஃபோர்சைத் சிறுவர் பல் மருத்துவமனையில் பணிபுரிந்தார். ஏழைச் சிறுவர்களின் பற்களுக்கு மருத்துவம் செய்வதற்கென்றே தொடங்கப்பட்ட மருத்துவமனை அது. 1919-ல் தாயகம் திரும்பினார்.

சோடாக் கடையும் கல்லூரியும்

அப்போது இந்தியாவில் பல் மருத்துவம் கற்பிக்கும் கல்லூரி ஒன்றுகூட இல்லை. மக்களில் பெரும்பாலோருக்குப் பல் மருத்துவம் என்றால் பல்லைப் பிடுங்குவதுதான். பிடுங்குபவர் தெருவோரத்தில் கடை விரித்தவராகவும் இருப்பார். விழுந்த பல்லுக்குப் பொய்ப்பல் கட்டித் தருபவரும் அவராகவே இருப்பார். இவர்களுக்குப் படிப்போ பதிவோ தேவைப்படவில்லை.

அகமது 1920-ல் கல்கத்தா பல் மருத்துவக் கல்லூரியைத் தொடங்கினார். அதற்கான பணத்தை ஈட்டுவதற்காக நியூயார்க் சோடா ஃபவுண்டன் என்ற குளிர்பானக் கடையை அந்நகரிலேயே நடத்தினார். இனிப்புப் பானம் விற்ற பணத்தில் பல் மருத்துவம் கற்பிக்கப்பட்டது என்பது இவரது வாழ்க்கையில் சுவையான ஒரு முரண். பின்னாளில் பாகிஸ்தான் அரசியலில் புகழ்பெற்ற பாத்திமா ஜின்னா இக்கல்லூரியில் பயின்றவர். 1923-ல் பம்பாயில் தம் பல் மருத்துவமனையைத் திறந்தார்.

1928-ல் அகமதுவின் பல் மருத்துவப் பாடநூல் வெளிவந்தது. சொத்தையை அகற்றி, குழியை அடைத்து, இருக்கும் பல்லைக் காப்பாற்றும் முறைகளைப் பற்றியது அந்நூல். பிடுங்குவதே வழக்கமாயிருந்த நாட்டில், மாணவர் கையில் முதலில் இந்நூலைக் கொடுத்தது இவரது நோக்கத்தைக் காட்டுகிறது.

பம்பாயில் 1933-லும் லாகூரில் 1934-லும் பல் மருத்துவக் கல்லூரிகள் தோன்றின. சென்னையில் 1953-ல்தான் மருத்துவக் கல்லூரியின் ஒரு பிரிவாகப் பல் மருத்துவப் படிப்பு தொடங்கியது.

சட்டம்

கல்லூரி மட்டும் போதாது என்பதை அகமது அறிந்திருந்தார். படித்தவர்க்கும் படிக்காதவர்க்கும் சட்டத்தின் முன் வேறுபாடு இல்லாத வரை பட்டத்துக்கு மதிப்பில்லை. 1925-ல் இவர் தொடங்கிய வங்காளப் பல் மருத்துவச் சங்கமே பின்னாளில் உருவான இந்தியப் பல் மருத்துவச் சங்கத்துக்குக் கருவாக அமைந்தது. 1939-ல் வங்காளத்தில் பல் மருத்துவர் சட்டம் வந்தது. இந்தியா முழுமைக்குமான பல் மருத்துவர் சட்டம் 1948-ல் இயற்றப்பட்டது.

இச்சட்டம் பதிவேட்டை இரு பகுதிகளாகப் பிரித்தது. பட்டம் பெற்றோர் முதற்பகுதியில் இடம்பெற்றனர். பட்டம் இல்லாவிடினும் குறைந்தது ஐந்து ஆண்டுகள் இதையே பிழைப்பாகக் கொண்டிருந்தோர் இரண்டாம் பகுதியில் சேர்க்கப்பட்டனர். பரம்பரையாகத் தொழில் செய்தவர்களை ஒரே நாளில் வெளியேற்றாமல், புதிதாக வருவோர்க்குக் கல்வியைக் கட்டாயமாக்கிய ஏற்பாடு இது.

அரசியலும் இறுதிக் காலமும்

கல்கத்தா மாநகராட்சியில் உறுப்பினராக இருந்த அனுபவமும் இவருக்கு உண்டு. பிரிவினைக்குப் பின் பிறந்த ஊர் வேறு நாட்டில் அமைந்துவிட்டது. அகமது கொல்கத்தாவிலேயே தங்கினார். 1949-ல் தாம் வளர்த்த கல்லூரியை மேற்கு வங்க அரசுக்குக் கொடையாக அளித்தார். அது இன்று இவரது பெயரையே தாங்கியுள்ளது. 1950 முதல் 1962 வரை பி. சி. ராய் அமைச்சரவையில் வேளாண்மை, கூட்டுறவு முதலிய துறைகளைக் கவனித்தார். 1964-ல் பத்ம பூஷண் விருது பெற்றார். மறு ஆண்டு மறைந்தார்.

இழந்த பல்லும் இம்பிளாண்ட் முறையும்

அகமது இறந்த அதே 1965-ல், சுவீடனின் கோத்தன்பர்க் நகரில் பெர்-இங்வார் பிரோனெமார்க் ஒரு நோயாளியின் தாடையெலும்பில் டைட்டானியத் திருகுகளைப் பொருத்தினார். டைட்டானியத்தோடு எலும்பு இறுகப் பிணைந்து வளரும் என்பதை அவர் முன்பே விலங்குகளில் கண்டிருந்தார். இன்று இம்பிளாண்ட் என வழங்கும் முறைக்கு இதுவே அடிப்படை. கழற்றி மாட்டும் பல்செட்டைப் போலன்றி, இதில் ஈறைத் திறந்து எலும்பில் துளையிட வேண்டும். இடம் தவறினால் கீழ்த்தாடை நரம்பு பாதிக்கப்பட்டு உதடு மரத்துப்போகலாம். மேல்தாடையில் மூக்கையொட்டிய எலும்பறைக்குள் திருகு சென்றுவிடலாம்.

எனவே செய்பவர் யார் என்பது பொய்ப்பல் காலத்தைவிட இப்போது முக்கியமாகிறது. கொல்கத்தாவானாலும் விழுப்புரம் மாவட்டத்துத் திருவெண்ணெய்நல்லூரானாலும், பல் பொருத்துபவர் பதிவு பெற்ற பல் மருத்துவராயிருக்க வேண்டும். 1948 சட்டத்துக்கு மாற்றாகத் தேசியப் பல் மருத்துவ ஆணையச் சட்டம் 2023-ல் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. பதிவு வேண்டும் என்ற விதி அதிலும் உள்ளது.

அகமதுவின் பிறந்த நாளான டிசம்பர் 24 இந்தியாவில் பல் மருத்துவர் நாளாகக் கொண்டாடப்படுகிறது.