ஆடியும் ஆக்கியும் வாழ்ந்த ஏ. ஜி. ராம்சிங்

தலைநகரில் வாழும் தமிழர்களாகிய நாம், பெயருக்கு முன் நிற்கும் எழுத்துகள் ஊரையும் தந்தையையும் குறிப்பன என்று அயலார்க்கு விளக்கி அலுத்தவர்கள். அதே முறையில் ஊரையும் தந்தையையும் முன்னிறுத்திச் சென்னையில் புகழ் பெற்ற சீக்கியர் ஒருவர் உண்டு. அவரே கிரிக்கெட் வீரர் ஏ. ஜி. ராம்சிங். முதலெழுத்து அமிர்தசரஸ், அடுத்தது கோவிந்தசிங்.

பஞ்சாபிலிருந்து வந்து சென்னையில் வேரூன்றிய குடும்பத்தினராகிய அவர் 1910ஆம் ஆண்டு பிறந்தார். இடக்கையால் மட்டை பிடிப்பதிலும், இடக்கையால் சுழற்பந்து வீசுவதிலும் ஒருங்கே தேர்ந்தார். 1934 நவம்பரில் ரஞ்சிக் கோப்பையின் முதல் ஆட்டம் சேப்பாக்கத்தில் நடந்தது. சென்னையை எதிர்த்த மைசூர் அணி 48, 59 என்ற ஓட்டங்களுக்குள் இருமுறையும் சுருண்டது. ராம்சிங் 35 ஓட்டங்களே கொடுத்துப் பதினொரு விக்கெட்டுகளைச் சாய்த்தார். ஆட்டம் ஒரே நாளில் முடிவுற்றது.

இத்துணைத் திறம் படைத்தும், நாட்டுக்காக டெஸ்ட் பந்தயம் ஆடும் பேறு அவருக்குக் கிட்டவில்லை. 1936இல் இங்கிலாந்து சென்ற குழுவில் அவர் பெயர் இல்லை. பின்னர்ப் பெரும்போர் மூண்டது. 1946 வரை இந்தியா டெஸ்ட் ஒன்றும் ஆடவில்லை. இருபத்தாறு வயது முதல் முப்பத்தாறு வரை, ஒரு வீரனின் பொற்காலம் அவ்வாறு கழிந்தது.

மனம் கசந்து ஒதுங்கியிருந்தால் யாரும் குறை கூறியிரார். அவரோ தாம் கற்ற கலையைப் பிறர்க்கு ஊட்டும் ஆசானாக மாறினார். சென்னை இளைஞர் பல தலைமுறையினர் அவரிடம் பயின்றனர். ஓட்டக் கணக்கேட்டில் ஆடுவோர்க்கும் வீசுவோர்க்கும் இடம் உண்டு. பயிற்றுவோர்க்குக் கட்டம் இல்லை. எனினும் விளைச்சல் மறைந்து போகாது.

தந்தை பந்து வீசித் தொடங்கி வைத்த ரஞ்சிக் கோப்பையைச் சென்னை முதன்முறையாக 1955இல் வென்றது. இந்தூரில் நடந்த அவ்விறுதி ஆட்டத்தில் மட்டையாலும் பந்தாலும் வெற்றிக்குத் துணை நின்றவர் அவர் மைந்தர் கிருபால்சிங். அதே ஆண்டு ஐதராபாத்தில், நியூசிலாந்துக்கு எதிராகத் தம் முதல் டெஸ்டிலேயே கிருபால் சதமடித்தார். இளையவர் மில்காசிங் 1960இல், பதினெட்டாம் வயதில் டெஸ்ட் வீரரானார். 1961இல் பம்பாயில் இருவரும் ஒரே டெஸ்டில் ஆடினர். தமக்குத் திறவாத கதவு மைந்தர்க்குத் திறந்ததைத் தந்தை கண்ணாரக் கண்டார்.

1987இல் கிருபாலை இழந்த பெருந்துயரையும் அவர் தாங்க நேர்ந்தது. ஈராண்டு செல்வதற்குள், கிருபாலின் மைந்தர் அர்ஜன் கோவாவுக்கு எதிராகத் தமிழ்நாட்டுக்காக ஆட்டமிழக்காமல் 302 ஓட்டங்கள் குவித்தார். 1999இல், எண்பத்தொன்பதாம் வயதில், சென்னையிலேயே ராம்சிங் மறைந்தார்.

கருதத்தக்க செய்தி மற்றொன்றும் உண்டு. தமிழ் வழக்குப்படி மைந்தர் தந்தையின் எழுத்தை ஏற்பர். ராம்சிங்கின் மைந்தரோ ஏ. ஜி. என்ற எழுத்துகளையே தொடர்ந்து தாங்கினர். சென்னைக்கே தம் உழைப்பை ஈந்தும் அமிர்தசரஸை அவர்கள் மறக்கவில்லை. பிறந்த மண்ணை நினைப்பதும் வாழும் மண்ணுக்கு உழைப்பதும் ஒன்றுக்கொன்று பகையல்ல. ஆர்.கே.புரத்தில் வளரும் நம் மக்கள் தில்லிக்காக ஆடட்டும். தங்கள் ஊரெழுத்தையும் பெருமையுடன் தாங்கட்டும்.