முப்பட்டகத்தில் தெரிந்த கோடுகள்

இடைநிலைப்பள்ளியில் இயற்பியல் படித்தபோது ‘பெம்பெலாவான்’ என்ற சொல்லை மலாய்மொழியில் மனனம் செய்தேன். குறுகிய திறப்பின் வழியே செல்லும் ஒளி வளைந்து பரவும். திரையில் ஒளிக்கோடும் இருட்கோடும் மாறி மாறி விழும். தமிழில் அதற்கு விளிம்பு விளைவு என்று பெயர். அந்தக் கோடுகளைக் கொண்டே ஒரு தமிழ் மாணவர் உலக அறிவியல் அரங்கில் முதலடி வைத்தார் என்பதை, லோபாக்கை விட்டுப் பல்கலைக்கழகம் வந்த பிறகுதான் அறிந்தேன். அவர்தான் சர் சி. வி. இராமன்.

1888ஆம் ஆண்டு நவம்பர் 7ஆம் நாள் திருச்சிராப்பள்ளியை அடுத்த திருவானைக்காவலில் இராமன் பிறந்தார். தந்தை சந்திரசேகர ஐயர் கல்லூரி விரிவுரையாளர். இராமன் சென்னை மாநிலக் கல்லூரியில் 1904இல் இளங்கலைப் பட்டம் பெற்று, அங்கேயே முதுகலையைத் தொடர்ந்தார்.

அங்கு ஒருநாள் நிறமாலைமானியில் கண்ணாடி முப்பட்டகம் ஒன்றின் கோணத்தை அளந்துகொண்டிருந்தார். மாணவர் எல்லாரும் செய்யும் சோதனைதான். முப்பட்டகத்தின் முகத்தில் ஒளி மிகச் சாய்வாகப் பட்டுத் திரும்பியபோது அந்த முகமே ஒரு குறுகிய திறப்பைப் போல் செயல்பட்டது. அதன் வெவ்வேறு பகுதிகளிலிருந்து புறப்படும் அலைகள் வெவ்வேறு தூரம் கடந்து வந்து சேர்கின்றன. முகடோடு முகடு சேரும் இடத்தில் ஒளி. முகடோடு அகடு சேரும் இடத்தில் இருள். ஒளி நேராக விழுந்தால் நடுக்கோட்டின் இருபுறமும் கோடுகள் சமமாக அமையும். இராமன் கண்ட கோடுகளோ சமமாக இல்லை.

பிழை என்று அவர் ஒதுக்கவில்லை. அளந்தார், கணக்கிட்டார், சாய்வே காரணம் என்று விளக்கினார். அக்கட்டுரை 1906 நவம்பரில் இலண்டனின் ‘பிலசாபிகல் மேகசின்’ ஆய்விதழில் வெளிவந்தது. அப்போது அவருக்கு வயது 18.

1907இல் கல்கத்தாவில் நிதித்துறை அதிகாரியானார். அலுவலக நேரம் போக, காலையும் மாலையும் இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகத்தின் ஆய்வுக்கூடத்தில் உழைத்தார். 1917இல் அதிகச் சம்பள வேலையை உதறிவிட்டுக் கல்கத்தாப் பல்கலைக்கழகப் பேராசிரியரானார். 1928 பிப்ரவரி 28இல், கே. எஸ். கிருஷ்ணன் துணைநிற்க, இராமன் விளைவைக் கண்டறிந்தார். 1930இல் நோபல் பரிசு பெற்றார். அறிவியலில் அப்பரிசைப் பெற்ற முதல் ஆசியர் அவரே. 1970 நவம்பர் 21இல் பெங்களூரில் மறைந்தார்.

மாணவ நண்பர்களே, சோதனையின் விடை பாடநூலோடு ஒத்துவராவிட்டால் நாம் என்ன செய்கிறோம்? என் ஏட்டில், இருபுறமும் சமமாக வரும்படி கோடுகளை அழித்துத் திருத்தி வரைந்திருக்கிறேன். முழு மதிப்பெண்ணும் கிடைத்தது. இராமனின் வாழ்க்கையைப் படித்த பிறகு, அன்று நான் அழித்த கோடுகளைத்தான் நினைத்துக்கொள்கிறேன்.